மறப்பது யார், மன்னிப்பது யார்?

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கி எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், நீங்க ஜட்ஜா இருந்தவரு. சட்டத்தைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் டைம் போட்டிருக்கேன், ஜனங்க தூங்காம பாத்துக்குங்க" என்றார். பிரியாணி போட்டுவிட்டு இப்படி ஒரு நிபந்தனை. முடிந்தவரை முயல்கிறேன். தூங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே மன்னிப்பு வழங்கிவிடுகிறேன், ஏனென்றால் இன்று நான் பேச வந்ததே மன்னிப்பைப் பற்றித்தான்.

இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு சட்டச் சொல் உண்டு. 'கண்டொனேஷன்'. அட்டெண்டன்ஸ் குறைந்தால் ஆபீஸில் பணம் கட்டி, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி வருவோமே, அதுதான். நம்மில் பாதிப் பேர் பரீட்சை எழுதியதே அந்தப் புண்ணியத்தில். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வராத நாளை வந்த நாளாக யாரும் மாற்றுவதில்லை. ரிஜிஸ்டரில் 'ஆ' போட்டது 'ஆ' தான். ஆனால் அதற்காக உன்னைத் தண்டிக்க மாட்டோம் என்கிறார்கள். இதையே ஓர் அரசாங்கம், தனக்கு எதிராகக் கலகம் செய்தவர்களுக்கோ, தன் பெயரால் அக்கிரமம் செய்தவர்களுக்கோ மொத்தமாகச் செய்தால், அதற்குப் பெயர் பொது மன்னிப்பு.

சாதாரண மன்னிப்பு வேறு, பொது மன்னிப்பு வேறு. முன்னது, பெரும்பாலும் விசாரணை முடிந்து தண்டனை பெற்ற ஒரு தனி மனிதருக்குத் தரப்படுவது. பின்னது, ஒரு கூட்டத்துக்கே, பல சமயம் விசாரணை தொடங்கும் முன்பே தரப்படுவது. முதலாவதில் குற்றம் நிற்கும், தண்டனை போகும். இரண்டாவதில் குற்றத்தையே சட்டம் மறந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் 'அம்னெஸ்டி' என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. பொருள், மறதி. நினைவு தப்புவதற்கு டாக்டர்கள் சொல்லும் 'அம்னீசியா'வுக்கும் அதே வேர்தான்.

கிரேக்கத்திலிருந்தே தொடங்குவோம். கி.மு. 404-ல் ஏதென்ஸ் நகரம் போரில் தோற்றபோது முப்பது பேர் கொண்ட ஒரு கும்பல் ஆட்சியைப் பிடித்தது. சில மாதங்களுக்குள் 1500 பேருக்குக் குறையாமல் கொன்றார்கள் என்று அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் நூல் சொல்கிறது. கி.மு. 403-ல் மக்களாட்சிக்காரர்கள் போரிட்டுத் திரும்பி வந்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது பழிக்குப் பழி. நடந்தது வேறு. 'நடந்த தீமையை நினைவில் வைத்துப் பழி தீர்க்க மாட்டோம்' என்று ஊரே சத்தியம் செய்தது. ஆனால் பாருங்கள், அப்போதே விதிவிலக்கு வைத்தார்கள். அந்த முப்பது பேருக்கும், அவர்களுக்குக் கைகொடுத்த சில அதிகாரிகளுக்கும் மன்னிப்பு இல்லை. அவர்களும் வேண்டுமானால் மக்கள் முன் வந்து தங்கள் செயலுக்குக் கணக்கு ஒப்பிக்கலாம், அதில் தேறினால் ஊரில் இருக்கலாம். 'கணக்குச் சொல், பிறகு மன்னிப்பு' என்ற இந்த யோசனை 2400 வருஷம் கழித்து ஆப்பிரிக்காவில் திரும்ப வரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் கேள்வி, இந்த அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும்?

அமெரிக்க அரசியல் சட்டம் ஜனாதிபதி கையில் கொடுத்தது. கலகம் நடக்கும்போது சரியான நேரத்தில் நீட்டும் மன்னிப்பு நாட்டை அமைதிப்படுத்தும், பெரிய சபை கூடி விவாதித்தால் அந்த நேரம் தவறிவிடும் என்று ஹாமில்டன் வாதாடினார். சாராய வரியை எதிர்த்துக் கலகம் செய்த விவசாயிகளை 1795-ல் வாஷிங்டன் மன்னித்தார். உள்நாட்டுப் போருக்குப் பின் 1868 கிறிஸ்துமஸ் தினத்தன்று ஆண்ட்ரூ ஜான்சன், தென் மாநிலப் புரட்சிக்காரர்கள் அனைவரையும் மன்னித்தார். வியட்நாம் போருக்குப் போக மறுத்த இளைஞர்களை 1977-ல் பதவியேற்ற மறுநாளே கார்ட்டர் மன்னித்தார். அதே பேனாதான் 2025 ஜனவரி 20 அன்று, நாடாளுமன்றக் கட்டிடத்தில் புகுந்து கலவரம் செய்த வழக்குகளில் சிக்கிய சுமார் 1500 பேரை விடுவித்தது. தனக்காகக் கலகம் செய்தவர்களைத் தானே மன்னிக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த அரசியல் சட்டத்தில் அதற்குத் தடை ஏதும் எழுதி வைக்கவில்லை.

பிரான்ஸ் இதில் உஷாரான நாடு. தனி மனிதருக்கு மன்னிப்பு ஜனாதிபதி தரலாம். பொது மன்னிப்பு என்றால் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 1871 பாரிஸ் கம்யூன் எழுச்சியில் நாடு கடத்தப்பட்டவர்களுக்காக விக்டர் ஹியூகோ செனட்டில் வாதாடினார், தோற்றார். கடைசியில் 1880-ல்தான் முழு மன்னிப்புச் சட்டம் நிறைவேறியது. இத்தாலி இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே அடிக்கடி பொது மன்னிப்பு கொடுத்துக் கொடுத்து அது சிறைச்சாலையைக் காலி செய்யும் வழக்கமாகவே ஆகிவிட்டது. 1992-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று பூட்டுப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு பொது மன்னிப்பும் வரவில்லை. 2006-ல் தண்டனைக் குறைப்பு ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

ஸ்பெயினில் 'பொதுவான கருணை ஆணை' தருவதற்குத் தடை உண்டு, பொது மன்னிப்புச் சட்டம் பற்றி அரசியல் சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. கேட்டலன் பிரிவினைக்காரர்களை மன்னிக்கும் சட்டம் 2024 மே 30 அன்று 177-க்கு 172 என்ற கணக்கில் நிறைவேறியபோது, சொல்லப்படாதது அனுமதிக்கப்பட்டதா, தடுக்கப்பட்டதா என்று வழக்கு போனது. தடுக்காததை நாடாளுமன்றம் செய்யலாம் என்று 2025 ஜூனில் அரசியல் சட்ட நீதிமன்றம் 6-க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது. அரசியல் சட்டம் மௌனமாக இருந்தால் வக்கீல்களுக்கு நல்ல காலம்!

நம் நாட்டுக்கு வருவோம். நம் அரசியல் சட்டத்திலும் பொது மன்னிப்பு என்ற வார்த்தை கிடையாது. 72-வது பிரிவில் குடியரசுத் தலைவரும் 161-வது பிரிவில் கவர்னரும் மன்னிக்கலாம், தண்டனையைக் குறைக்கலாம். அதையும் சொந்த விருப்பத்தில் அல்ல, அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் என்று 1980-ல் மாரு ராம் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. கட்சி, சாதி போன்ற சம்பந்தமில்லாத காரணத்துக்காக மன்னித்தால் கோர்ட் தலையிடும் என்று 2006-ல் எபுரு சுதாகர் வழக்கில் சொன்னது. ராணுவச் சட்டம் அமலில் இருந்த இடத்தில் அதிகாரிகள் செய்ததற்கு நாடாளுமன்றம் பாதுகாப்புச் சட்டம் இயற்றலாம் என்று 34-வது பிரிவு சொல்கிறது. பொது மன்னிப்புக்கு மிக அருகில் வருவது அதுதான். மற்றபடி நாம் இதையெல்லாம் ஒப்பந்தம், வழக்கு வாபஸ் என்று வேறு கதவுகள் வழியாகச் செய்கிறோம். 1986 மிசோ ஒப்பந்தத்துக்குப் பிறகு, இருபது வருஷம் ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் தலைவர் லால்டெங்கா அதே ஆண்டில் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். மிசோரம் அமைதியான மாநிலமாக இருந்து வருகிறது. மன்னிப்பு பலன் தராது என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது கேள்வி, கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய மன்னிப்பு செல்லுமா?

1990 ஜூலை 27. டிரினிடாட் நாடாளுமன்றத்தில் ஆயுததாரிகள் புகுந்து பிரதமர் ராபின்சனையும் மற்றவர்களையும் பிணைக் கைதிகளாகப் பிடித்தார்கள். பிரதமர் காலில் குண்டு பாய்ந்தது. தற்காலிக ஜனாதிபதி ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஆறு நாளில் எல்லோரும் சரணடைந்தார்கள். வெளியே வந்ததும் அரசாங்கம் அவர்களைச் சிறையில் போட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1994-ல் தீர்ப்பு. கடிதம் கிடைத்த உடனே சரணடைந்திருந்தால் மன்னிப்பு செல்லும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலும் பேரம் பேசி நாலு நாள் இழுத்தடித்ததால் செல்லாது. ஆனால் கீழ்க் கோர்ட் ஏற்கெனவே விடுதலை செய்துவிட்டபடியால் திரும்பப் பிடித்து விசாரிப்பதும் நியாயமல்ல. மன்னிப்பு செல்லாது, ஆனாலும் ஆட்கள் வெளியே! தீர்ப்பைப் படித்த அன்று, இரண்டு தரப்பு வக்கீலும் ஜெயித்துவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது கேள்வி, தன்னைத் தானே மன்னித்துக்கொள்ளலாமா?

அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சியாளர்கள் 1983 செப்டம்பரில், பதவியை விட்டு இறங்கும் முன் தங்களுக்கே மன்னிப்புச் சட்டம் எழுதிக்கொண்டார்கள். டிசம்பரில் வந்த புதிய நாடாளுமன்றம் அதைக் குப்பையில் போட்டது. பங்களாதேஷில் ஷேக் முஜிபுர் ரஹ்மானைக் குடும்பத்தோடு கொன்றவர்கள் மீது வழக்கே தொடர முடியாது என்று 1975 செப்டம்பர் 26-ல் அவசரச் சட்டம் போட்டார்கள். அதை நீக்க 1996 நவம்பர் வரை, அதாவது 21 வருஷம், காத்திருக்க வேண்டியிருந்தது.

பெரு நாட்டுக் கதை இன்னும் கொடுமை. 1991-ல் லிமா நகரில் ஒரு விருந்தில் புகுந்து 15 பேரைச் சுட்டுக் கொன்றது ஒரு ராணுவக் கொலைப்படை. இறந்தவர்களில் எட்டு வயதுப் பையனும் ஒருவன். 1995-ல், விசாரணை சூடுபிடித்த நேரத்தில், ராத்திரியோடு ராத்திரியாக மன்னிப்புச் சட்டம் வந்தது. விசாரித்த பெண் நீதிபதி சாக்கிக்குரை, இந்தச் சட்டத்தை நான் அமல்படுத்த மாட்டேன் என்றார். உடனே இன்னொரு சட்டம், 'எந்த நீதிபதியும் இதைக் கேள்வி கேட்கக் கூடாது' என்று. ஆறு வருஷம் கழித்து 2001-ல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், கொலை, சித்திரவதை, ஆளைக் காணாமல் ஆக்குதல் ஆகியவற்றுக்கு மன்னிப்பு தரும் சட்டம் சட்டமே அல்ல என்று தீர்ப்பு வழங்கியது. அந்த அம்மாள் தனியாக நின்று சொன்னதை ஒரு கண்டமே பிறகு சொன்னது. நானும் அந்த நாற்காலியில் இருந்தவன். அவ்வளவு தைரியம் எனக்கு இருந்திருக்குமா என்று பல இரவுகள் யோசித்ததுண்டு. 2025 ஆகஸ்டில் அதே பெரு, ராணுவத்தாருக்கு மீண்டும் ஒரு மன்னிப்புச் சட்டம் போட்டிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, மக்களே ஓட்டுப் போட்டு மன்னித்தால்? உருகுவேயில் அப்படி நடந்தது. 1989-லும் 2009-லும் இரண்டு முறை வாக்கெடுப்பு, இரண்டு முறையும் மன்னிப்புச் சட்டம் பிழைத்தது. பெரும்பான்மை ஓட்டு, பாதிக்கப்பட்டவனின் உரிமையைப் பறிக்க முடியாது என்று 2011-ல் அதே மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. ஜனநாயகத்தில் இதைவிடக் கடினமான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஆப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி முடிந்தபோது தென்னாப்பிரிக்காவில் யாரும் யாரையும் முழுசாக ஜெயிக்கவில்லை. போலீசும் ராணுவமும் பழைய கையில். மன்னிப்பு இல்லையென்றால் தேர்தலே நடக்காது என்ற நிலை. ஆகவே 1993 இடைக்கால அரசியல் சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் மன்னிப்பை எழுதினார்கள். ஆனால் 1995-ல் வந்த சட்டம் ஏதென்ஸ் வழியில் போனது. கூட்டமாக மன்னிப்பு இல்லை. ஒவ்வொருவனும் தனித்தனியாக விண்ணப்பம் போட வேண்டும். செய்தது அரசியல் நோக்கத்துக்காக என்று காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மை முழுவதையும் சபை நடுவே சொல்ல வேண்டும். ஏழாயிரத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன. பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன.

1997-ல் நடந்த ஒரு விசாரணை. கைதிகளின் தலையில் ஈரத் துணிப் பையை மாட்டி மூச்சை அடைத்துச் சித்திரவதை செய்த ஜெஃப்ரி பென்சியன் என்ற போலீஸ்காரர் மன்னிப்புக் கேட்டு வந்திருந்தார். அவரிடம் அவதிப்பட்ட டோனி யெங்கெனி அப்போது எம்.பி. "எப்படிச் செய்தாய் என்று இங்கே செய்து காட்டு" என்றார். அந்த மனிதர் தரையில் ஒருவரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் உட்கார்ந்து, பையை மாட்டிச் செய்து காட்டினார். உலகமே டி.வி.யில் பார்த்தது. அவருக்கு 1999-ல் மன்னிப்பு கிடைத்தது. அதே ஆண்டில், கருப்பின இளைஞர் தலைவர் ஸ்டீவ் பிகோவின் சாவுக்குக் காரணமான போலீசாருக்கு மன்னிப்பு மறுக்கப்பட்டது. அவர்கள் உண்மையைச் சொல்லவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.

பிகோவின் மனைவியும் மற்றவர்களும் 1996-லேயே அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போனார்கள். "எங்கள் வழக்கை மூட நாடாளுமன்றத்துக்கு என்ன உரிமை?" என்றார்கள். நீதிபதி இஸ்மாயில் மஹோமத் அவர்களுக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொன்னார். அந்தக் குடும்பங்களின் வேதனையை ஒப்புக்கொண்டே சொன்னார். ரகசியமாகச் செய்த கொலைகளுக்குச் சாட்சி இல்லை, செய்தவன் வாய் திறந்தால்தான் உண்மை வெளியே வரும், தண்டனைப் பயம் இருந்தால் வாய் திறக்க மாட்டான் என்பது வாதம். ஒரு கையில் தண்டனை, மறு கையில் உண்மை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் எதை எடுப்பீர்கள்?

இந்த ஏற்பாட்டில் ஓர் உறுதிமொழி இருந்தது. உண்மை சொல்லாதவன் மேல் வழக்கு நடக்கும். அது பெரும்பாலும் நடக்கவே இல்லை. அகமது திமோல் என்ற ஆசிரியர், இந்திய வம்சாவளி இளைஞர், 1971-ல் போலீஸ் காவலில் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்று முடித்தார்கள். குடும்பம் விடவில்லை. 46 வருஷம் கழித்து, 2017-ல், அது கொலை என்று கோர்ட் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கு முடியும் முன்பே 2021-ல் இறந்துபோனார். இந்த வழக்குகளை இத்தனை காலம் தடுத்தது யார் என்று கண்டுபிடிக்க 2025-ல் ஒரு விசாரணைக் கமிஷனே போட்டிருக்கிறார்கள். நிபந்தனையோடு மன்னித்துவிட்டு நிபந்தனையை மறந்தால், அது வெறும் மறதிதான்.

தத்துவத்துக்கு வருகிறேன், தூங்கிவிடாதீர்கள். திருவள்ளுவர் பொறையுடைமையை அறத்துப்பாலில் இல்லறத்தானுக்குச் சொன்னார். செங்கோன்மையைப் பொருட்பாலில் அரசனுக்குச் சொன்னார். அதே அரசனுக்குக் கண்ணோட்டமும் வேண்டும் என்று தனி அதிகாரம் வைத்தார். பொறுத்துக்கொள்வது தனி மனிதனின் பெருமை, முறை செய்வது அரசனின் கடமை, இரக்கம் அதற்குத் துணை என்று நான் புரிந்துகொள்கிறேன். ஜெர்மன் தத்துவ ஞானி கான்ட் இதையே கறாராகச் சொன்னார். மன்னிக்கும் உரிமை, அரசனின் உரிமைகளிலேயே மிகவும் வழுக்கலானது. தனக்குச் செய்த குற்றத்தை அரசன் மன்னிக்கலாம், ஒரு குடிமகன் இன்னொரு குடிமகனுக்குச் செய்ததை மன்னிக்க அவனுக்கு உரிமை இல்லை என்றார்.

நண்பர்களே, இதை நான் புத்தகத்தில் படித்தது பிற்பாடு. பாடம் கிடைத்தது இந்த வளாகத்தில்தான்.

1978 ஹாஸ்டல் ஸ்டிரைக் நம் செட்டுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். மெஸ் பில்லை உயர்த்தினார்கள் என்று ராத்திரி கோஷம் போட்டோம். கரண்டு போனது. கல் பறந்தது. வார்டன் ரூம் கண்ணாடி உடைந்தது. கேட்டில் நின்ற வாட்ச்மேன் அண்ணனுக்குப் புருவத்தில் அடி. பிறகு அவருக்கு இடது கண்ணில் பார்வை வரவே இல்லை. 22 பேரை சஸ்பெண்ட் செய்தார்கள், அதில் நானும் ஒருவன். பதினோரு நாள் கழித்து அப்பாமார்கள் வந்து எழுதிக் கொடுத்தார்கள். அசெம்பிளியில், "எல்லோருக்கும் பொது மன்னிப்பு, நடந்ததை மறப்போம்" என்று அறிவித்தார்கள். நாம் கை தட்டினோம். கண்ணில் கட்டோடு அவரும் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. உடைந்த கண்ணாடியை மன்னிக்கக் கல்லூரிக்கு உரிமை உண்டு. அந்தக் கண்ணை?

அன்று நானும் கல் எறிந்தேன். இரண்டு கல். அவர் மேல் பட்டது என்னுடையதா, வேறு யாருடையதா என்று எனக்குத் தெரியாது. இருட்டு. ஆனால் எறிந்தேன். அந்த மன்னிப்பு இல்லாமல் போயிருந்தால் நான் சட்டக் கல்லூரிக்குப் போயிருக்க முடியாது, ஜட்ஜ் ஆகியிருக்க முடியாது. அதையும் மறைக்கவில்லை. அதனால்தான் பொது மன்னிப்பே கூடாது என்று என் வாயால் சொல்ல முடியாது.

போன மாதம், இந்த உரைக்குக் குறிப்பு எழுதும்போது மனசு கேட்காமல் விசாரித்தேன். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மகன் இதே ஊரில் இருக்கிறார். போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தவர், "அப்பா உங்க யாரையும் திட்டினதில்லீங்க ஐயா. ஆனா அந்தப் பசங்கள்ல ஒருத்தராவது வந்து பாப்பாங்கன்னு கொஞ்ச நாள் சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றார். எனக்கு பதில் சொல்ல வரவில்லை. மன்னித்தேன் என்று அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது அவருடைய அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டியது.

ஆகவே என் முடிவு இதுதான். நாடு பிழைக்க வேண்டுமானால் அரசாங்கம் தண்டனையை விட்டுக்கொடுக்கலாம். சில சமயம் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் செய்தவன் உண்மையைச் சொல்ல வேண்டும், பட்டவனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அவனுக்கு ஈடு செய்ய வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் மேடையில் அறிவிக்கிற மன்னிப்புக்குக் கை தட்டாதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்வி உதவி நிதி இப்போது ஏழை மாணவர்களுக்குப் போகிறது, சந்தோஷம். அதில் ஒரு பங்கை, இங்கே வேலை பார்த்த வாட்ச்மேன், மெஸ் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்க வேண்டும். முதல் தொகைக்கான செக்கைப் பொருளாளரிடம் காலையிலேயே கொடுத்துவிட்டேன். அந்த 22 பேரில் பலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். பொருளாளர் கடைசி வரிசையில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

தூங்கியவர்களுக்கு, ஏற்கெனவே சொன்னபடி, மன்னிப்பு உண்டு.